கனலின் நிறமும் கல்வியின் ஒளியும்

(வெள்ளி விழாவையொட்டிச் சோலூரில் நடைபெற்ற அறிவியல் அரங்கில் ஆற்றிய உரை)



விழா மேடைகளில் கல்வியை ஒளி என்று போற்றுவது நம் மரபு. நாமும் இருபத்தைந்து ஆண்டுகளாக அவ்வாறே போற்றி வருகிறோம். ஆயினும் அந்த ஒளி என்பது யாது, அஃது எங்கிருந்து பிறக்கிறது என்று நம் பிள்ளைகளில் ஒருவர் எழுந்து கேட்டால் நாம் என்ன விடை சொல்வோம்? கேள்வி கேட்கும் பிள்ளையை உருவாக்கத்தான் கழகம் கண்டோம். ஆகவே இன்று புகழுரையைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, அந்தக் கேள்விக்கே விடை காண முயல்வோம். சூடேறிய பொருள் ஏன் ஒளி விடுகிறது? முதலில் ஏன் சிவக்கிறது? பின்னர் ஏன் மஞ்சளாகி வெளுக்கிறது? இதுவே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

இதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நீலகிரியில் கோத்தர் பெருமக்களுக்கு ஏழு ஊர்கள் உள்ளன. திருச்சிக்கடி, கொல்லிமலை என்பன அவற்றுட் சில. நம் சோலூரை அடுத்த கோக்காலும் அவ்வேழனுள் ஒன்று. கோத்தர்கள் பழங்காலந்தொட்டு இம்மலையின் கொல்லர்கள், தச்சர்கள், இசை வாணர்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் மண்பாண்டம் வனைந்து சுட்டார்கள். படுகரின் கொத்தும் அரிவாளும், தொதவரின் கத்தியும், குறும்பரின் கோடரியும் கோத்தரின் உலையிலிருந்தே வந்தன. ஈடாகத் தானியமும் நெய்யும் பிறவும் சென்றன. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்த மாற்றுமுறை தளர்ந்தது. கடை இரும்பு மலையேறி வந்தது. அந்த உலைகள் பெரும்பாலும் அடங்கிவிட்டன. எல்லார்க்கும் வேண்டியவர்களாக இருந்தும், அத்தொழிலாளர்களை அண்டை மக்கள் தம்மினும் தாழ்ந்தோராகவே எண்ணினர் என்பதையும் இங்கே குறிக்க வேண்டும். அதன் பொருள் என்னவென்பதை இவ்வுரையின் இறுதியில் காண்போம்.

கொல்லன் உலையில் இரும்பை இட்டுத் துருத்தியை ஊதும்போது நிகழ்வது யாது? இரும்பு முதலில் கருமையாகவே இருக்கும். ஆனால் அருகில் கையைக் கொண்டு சென்றால் வெப்பம் முகத்திலும் கையிலும் அறையும். ஏறத்தாழ 525 டிகிரி செல்சியஸ் அளவில், இருட்டில் மட்டுமே தெரியும் மங்கிய செம்மை தோன்றும். 700 டிகிரியில் அது தெளிந்த சிவப்பாகும். 900 டிகிரியை நெருங்கும்போது செம்பருத்திபோல் ஒளிரும். 1,000 டிகிரிக்கு மேல் ஆரஞ்சு; 1,100, 1,200 டிகிரியில் மஞ்சள்; 1,300 டிகிரிக்கு அப்பால் கண்கூசும் வெண்மை. இரண்டு துண்டு இரும்பை ஒன்றாக அடித்து ஒட்டவைக்கக் கொல்லன் காத்திருப்பது இந்த வெண்மைக்குத்தான். அவனிடம் வெப்பமானி இல்லை; கண்ணே அவனுடைய வெப்பமானி. கொல்லுப் பட்டறைகள் நிழலடர்ந்தும் இருண்டும் இருப்பதன் காரணமும் இதுவே. பட்டப்பகல் வெயிலில் 600 டிகிரிச் செம்மை கண்ணுக்குப் புலப்படாது. நிறத்தைப் படிக்க இருள் வேண்டும்.

இங்கே ஒன்றை வேறுபடுத்திக் காண வேண்டும். கத்திக்குத் தோய்ச்சல் கொடுத்தபின் அதனை மீண்டும் மெல்லச் சூடாக்கினால், 220 டிகிரி அளவில் வைக்கோல் நிறமும், 300 டிகிரி அளவில் நீல நிறமும் அதன்மேல் ஓடும். இவை கனலின் நிறங்கள் அல்ல. இரும்பின் மேற்பரப்பில் உயிர்வாயு சேர்ந்து படியும் மெல்லிய ஏட்டின்மீது வெளியொளி பட்டு மீள்வதால் தோன்றுபவை. விளக்கை அணைத்தால் இந்நிறங்கள் மறையும். கனலின் செம்மையோ விளக்கை அணைத்தால் மிகும். முன்னது கடன் வாங்கிய ஒளி. பின்னது தன்னுள்ளிருந்து பிறந்த ஒளி.

இந்தச் சொந்த ஒளியைப் பற்றிய முதல் அரிய குறிப்பை எழுதியவர் ஒரு குயவர் குடும்பத்துப் பிள்ளை என்பதை மாணவர்கள் அறிய வேண்டும். இங்கிலாந்தில் புகழ்பெற்ற மண்பாண்டத் தொழில் நடத்தியவர் ஜோசையா வெட்ஜ்வுட். சூளையின் சூட்டை அளக்கக் களிமண் துண்டுகள் சுருங்கும் அளவைக் கொண்டு ஒரு கருவி செய்தவர் அவர். அவருடைய மகன் தாமஸ் வெட்ஜ்வுட், 1792ஆம் ஆண்டில் ஓர் உண்மையை வெளியிட்டார். பொருள் எதுவாயினும், அவையெல்லாம் ஏறக்குறைய ஒரே சூட்டில்தான் சிவக்கத் தொடங்குகின்றன என்பதே அது. இரும்பு, கல், மண் என்ற வேற்றுமை அங்கே இல்லை. 1847இல் நியூயார்க்கில் பேராசிரியராக இருந்த ஜான் வில்லியம் டிரேப்பர், அச்சூடு ஏறத்தாழ 525 டிகிரி என அளந்து காட்டினார்.

எண்ணிப் பாருங்கள். கொல்லனின் இரும்பும் குயத்தியின் பானையும் உலை மேடையின் கல்லும் ஒரே சூட்டில் ஒரே நிறம் காட்டுகின்றன. சூளையின் உள்ளே எல்லாம் ஒரே சூட்டை அடைந்த வேளையில் சிறு துளை வழியே நோக்கினால், பானைக்கும் சூளைச் சுவருக்கும் இடையே கோடு தெரியாது. எல்லாம் ஒரே கனற்பரப்பாகக் கரைந்துவிடும். சூளை வேலை செய்வோர் கண்டறிந்த இக்காட்சியே பின்னர் இயற்பியலைப் புரட்டிப் போட்டது.

பொருள்கள் ஒளி விடுவது எதனால்? எப்பொருளும் அணுக்களால் ஆனது. அவ்வணுக்கள் ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கின்றன. சூடு என்பதே அத்துடிப்பின் அளவுதான். அணுக்களுக்குள் மின்னூட்டம் கொண்ட துகள்கள் உள்ளன. மின்னூட்டம் கொண்ட ஒன்று அதிரும்போது, குளத்தில் இட்ட கை அலை எழுப்புவதுபோல், மின்காந்த அலைகளை எழுப்புகிறது. துடிப்பு மிக மிக அலைகள் வலுக்கும். அவற்றின் அலைநீளமும் குறுகும். நம் கண்ணுக்குப் புலனாவது 0.4 மைக்ரானிலிருந்து 0.7 மைக்ரான் வரையுள்ள சிறு பகுதி மட்டுமே. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 0.7 மைக்ரானுக்கு அப்பாலுள்ள நீண்ட அலைகள் கண்ணுக்குத் தெரியா. ஆனால் தோலுக்குத் தெரியும். 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் கதிரவன் ஒளியை முப்பட்டைக் கண்ணாடியால் பிரித்து, சிவப்புக்கு அப்பால் வெறுமையாகத் தெரிந்த இடத்தில் வெப்பமானியை வைத்தபோது அது ஏறியது. அதுவே அகச்சிவப்புக் கதிர்.

ஆகவே ஒளிராத பொருள் உலகில் இல்லை என்றே கூறலாம். நாம் அனைவரும் இந்த அரங்கில் ஒளிர்ந்துகொண்டுதான் அமர்ந்திருக்கிறோம். 37 டிகிரிச் சூடுள்ள நம் உடல் விடும் கதிர்களில் மிகுதியானவை 9 மைக்ரானை ஒட்டியவை. 2020இல் பெருந்தொற்று பரவிய நாளில், நெற்றியைத் தொடாமலே ஒரு கருவியைக் காட்டிக் காய்ச்சல் பார்த்தார்கள் அல்லவா? அந்தக் கருவி படித்தது நம் நெற்றியின் ஒளியைத்தான்.

நம் மலையில் இதற்கு மற்றுமொரு சான்றும் உண்டு. மார்கழி, தை மாதங்களில் முகிலற்ற, காற்றற்ற இரவுகளில் உறைபனி விழுகிறது என்கிறோம். உண்மையில் அது வானிலிருந்து விழுவதன்று. புல்லும் தேயிலைக் கொழுந்தும் மண்ணும் இரவு முழுவதும் அகச்சிவப்புக் கதிர்களாகத் தம் சூட்டை வானுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. முகில் இருந்தால் அது போர்வைபோல் ஒரு பங்கைத் திருப்பித் தரும். முகிலில்லாத இரவில் கொடுப்பது மிகுதி, பெறுவது குறைவு. இலையின் சூடு, சுற்றியுள்ள காற்றின் சூட்டினும் தாழ்ந்து உறைநிலையைத் தொடுகிறது. விடியலில் கொழுந்து கருகி நிற்கிறது. இளஞ்செடிகளைத் தழையிட்டு மூடும் வழக்கம் குளிர்காற்றைத் தடுப்பதற்காக மட்டும் அன்று. செடி வானத்தை நோக்காமல் மறைப்பதற்காகவும்தான். உலையில் இரும்பு சிவப்பதும், தோட்டத்தில் கொழுந்து கருகுவதும் ஒரே விதியின் இரு முகங்கள். கொழுந்து கருகினால் கூலி குறையும் என்பதை அறிந்த நமக்கு, இவ்விதி வெறும் ஏட்டுச் செய்தி அன்று.

அவ்விதி யாது? 1879இல் ஆஸ்திரிய அறிஞர் ஜோசப் ஸ்டீபன் அதைக் கண்டார். பொருளின் தனிவெப்பநிலை, அதாவது முழுச் சுழியான கழித்தல் 273 டிகிரியிலிருந்து எண்ணப்படும் வெப்பநிலை, இருமடங்கானால் அது விடும் கதிரின் ஆற்றல் பதினாறு மடங்காகும். மும்மடங்கானால் எண்பத்தொரு மடங்காகும். வீட்டில் கிடக்கும் இரும்பின் தனிவெப்பநிலை ஏறத்தாழ 300 கெல்வின். அதை 900 கெல்வினுக்கு, அதாவது சுமார் 627 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கினால், அது முன்னைவிட எண்பத்தொரு மடங்கு ஆற்றலை வீசுகிறது. கொல்லன் முகத்தில் அனல் அறைவது இதனால்தான். 1893இல் ஜெர்மானியர் வில்ஹெல்ம் வீன் மற்றொன்று கண்டார். சூடு ஏற ஏறக் கதிரின் உச்சம் குறுகிய அலைநீளத்தை நோக்கி நகர்கிறது. 2,900 என்ற எண்ணைத் தனிவெப்பநிலையால் வகுத்தால் உச்சத்தின் அலைநீளம் மைக்ரான் கணக்கில் ஏறத்தாழக் கிடைத்துவிடும். பத்தாம் வகுப்புப் பிள்ளை தாளில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது.

போட்டுப் பார்ப்போம். செம்பருத்தி நிறத்தில் கனலும் இரும்பின் வெப்பநிலை 1,200 கெல்வின் எனக் கொண்டால், உச்சம் 2.4 மைக்ரான். அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் கிடக்கிறது. அப்படியானால் நாம் காணும் செம்மை யாது? அது அந்தப் பெருங்கதிரின் ஓரத்தில் வழியும் சிறு நுனி மட்டுமே. சிவப்பே அகச்சிவப்புக்கு மிக அண்மையில் உள்ள நிறமாதலின், கண்ணுக்கு எட்டும் எல்லைக்குள் அதுவே முதலில் வந்து சேர்கிறது. பின்னர் ஆரஞ்சும் மஞ்சளும் பச்சையும் நீலமும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்து, எல்லாம் கலந்து வெண்மையாகின்றன. பச்சைக் கனல் என ஒன்று உலையில் தோன்றாததன் காரணமும் இதுவே. பச்சை வரும்போது சிவப்பும் மஞ்சளும் முன்னரே அங்கு வந்து நிற்கின்றன.

கதிரவன் 5,800 கெல்வின். அதன் உச்சம் 0.5 மைக்ரான், நம் கண் காணும் எல்லையின் நடுவே விழுகிறது. வானத்து மீன்களும் இவ்விதிக்கு உட்பட்டவையே. திருவாதிரையும் கேட்டையும் செம்மீன்கள். அவற்றின் மேற்பரப்பு 3,500 கெல்வினை ஒட்டியது. சித்திரை மீன் நீலவெண்மை. அது 20,000 கெல்வினுக்கும் மேல். நாம் சிவப்பைக் கடுஞ்சூடு என்றும் நீலத்தைக் குளிர்ச்சி என்றும் எண்ணிப் பழகியுள்ளோம். வானம் அதற்கு மாறாகவே எழுதியிருக்கிறது.

இனி நம் வீடுகளில் எரிந்த விளக்குகளைப் பற்றிச் சில சொற்கள். நம்மில் மூத்தோர் பலர் எழுத்தறிந்தது மண்ணெண்ணெய்ச் சிம்னி விளக்கின் மஞ்சள் சுடரில். அந்த மஞ்சள் எங்கிருந்து வந்தது? இதனை மக்களுக்கு விளக்கியவர் மைக்கேல் பாரடே. சுடருக்குள் முழுதும் எரியாத கரித்துகள்கள் கோடிக்கணக்கில் மிதக்கின்றன. அவை சூடேறிக் கனன்று ஒளி விடுகின்றன. சுடரின்மேல் ஒரு தட்டைக் காட்டினால் கரி படிவதே அதற்குச் சான்று. அதாவது நம் பிள்ளைகள் கரியின் ஒளியில் படித்தார்கள். எரிவாயு அடுப்பின் நீலச் சுடரோ வேறு வகை. அங்கே கரித்துகள் இல்லை. வாயு மூலக்கூறுகளே தமக்குரிய நிறத்தை உமிழ்கின்றன.

பாரடே லண்டனில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தவர். புத்தகம் தைக்கும் கடையில் வேலை பழகும் சிறுவனாகச் சேர்ந்து, தைக்க வந்த நூல்களைப் படித்தே அறிவியல் கற்றார். அவர் 1819ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆராய்ந்த பொருள்களுள் ஒன்று தென்னிந்தியக் கொல்லர்கள் வடித்த உருக்கு என்பது நம் கவனத்திற்குரியது. தமிழகத்தின் கொடுமணலில் பழங்கால இரும்பு உலைகளின் தடயங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. பெயர் எழுதப்படாத நம் நாட்டுத் தொழிலாளர்கள் கனலின் நிறம் பார்த்து வடித்த உருக்கினை, அங்கே ஒரு கொல்லன் மகன் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ந்தார்.

அடுத்தது பெட்ரோமாக்ஸ் விளக்கு. அதன் வலைத்திரியை 1885இல் கண்டவர் ஆஸ்திரியரான ஆவர் வான் வெல்ஸ்பாக். தோரியம் ஆக்சைடும் சிறிதளவு சீரியம் ஆக்சைடும் சேர்ந்த திரி பின்னர் வந்தது. இத்திரி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைக் குறைவாகவும், தெரியும் ஒளியை மிகுதியாகவும் விடும் இயல்புடையது. ஆகவே அதே சுடரின் சூட்டில் வெண்ணொளி தருகிறது. அதற்கு வேண்டிய தோரியம் நம் நாட்டுக் கடல் மணலில் இருந்தது. 1909இல் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலார், திருவிதாங்கூரிலிருந்து சென்ற கயிற்றுநாரில் ஒட்டியிருந்த மணலைக் கண்டு மோனசைட்டின் இருப்பை அறிந்தார். இன்று குமரி மாவட்டத்திலுள்ள மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் தொழில் அதன்பின் தோன்றியது. மணல் நம்முடையது, அதை அள்ளிய கைகளும் நம் உழைப்பாளிகளுடையவை. அந்த விளக்கைத் தலையில் சுமந்து திருமண ஊர்வலங்களிலும் திருவிழாக்களிலும் இரவெல்லாம் நடந்தவர்கள் யாவர் என்பதை இந்த அவையில் விளக்க வேண்டுவதில்லை. ஒளியைச் சுமந்தவர்கள், அவ்வொளி விழுந்த பந்தலுக்குள் அமர இடம் பெற்றதில்லை.

பின்னர் மின்விளக்கு வந்தது. 1932இல் பைக்காரா நீர்மின் திட்டம் மின்சாரம் வழங்கத் தொடங்கியது. நமக்கு அண்மையிலுள்ள கிளன்மார்கனிலிருந்து குழாய்களில் இறங்கும் நீர் 900 மீட்டருக்கும் மேற்பட்ட வீழ்ச்சியால் சிங்காரா மின்நிலையத்தின் சுழலிகளைச் சுழற்றுகிறது. அம்மின்சாரம் குண்டு விளக்கின் டங்ஸ்டன் இழையில் பாய்ந்து, அதனை 2,500 டிகிரி அளவுக்குக் கனலச் செய்தது. டங்ஸ்டன் உருகும் சூடு 3,422 டிகிரியாதலால் இழை தாங்கிற்று. ஆயினும் கணக்குப் பாருங்கள். இழையின் வெப்பநிலை 2,800 கெல்வின், உச்சம் ஏறத்தாழ ஒரு மைக்ரான், அதுவும் அகச்சிவப்பே. உண்ட மின்சாரத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே ஒளியாகி, எஞ்சியது வெப்பமாகப் போயிற்று. கனலால் ஒளி பெறும் முறையின் இயற்கைக் குறை இது. இன்று நம் வீடுகளில் எரியும் எல்.இ.டி. விளக்கு கனலால் ஒளிர்வதன்று. குறைகடத்திப் படிகத்தில் எலெக்ட்ரான்கள் ஆற்றல் படியிலிருந்து இறங்கும்போது ஒளி பிறக்கிறது. நீல எல்.இ.டி.யைக் கண்ட மூவருக்கு 2014இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. சுடர் தோன்றிய நாள் முதல் மனிதன் தீயிடம் கேட்டுப் பெற்ற ஒளியை, இப்போது தீயில்லாமலே பெறுகிறான்.

இனி, அந்தச் சூளைத் துளைக்குத் திரும்புவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பெர்லின் அரசு அளவை நிலையத்தில் லும்மர், பிரிங்ஸ்ஹைம், ரூபென்ஸ், குர்ல்பாம் முதலியோர் உள்ளீடற்ற ஓர் உலையைச் சூடாக்கி, அதன் சிறு துளை வழியே வரும் கதிர்களை அலைநீளம் வாரியாக நுட்பமாக அளந்தனர். அன்றைய இயற்பியலின்படி கணக்கிட்டால், அலைநீளம் குறையக் குறைய ஆற்றல் எல்லையின்றிப் பெருக வேண்டும். ஒவ்வோர் அடுப்பும் பார்ப்பவரைப் பொசுக்கிவிட வேண்டும். உண்மையில் அவ்வாறு இல்லை. இந்த முரணைத் தீர்த்தவர் மாக்ஸ் பிளாங்க். 1900 டிசம்பர் 14ஆம் நாள் அவர் பெர்லினில் படித்த கட்டுரையில், ஆற்றல் தாரையாக ஒழுகுவதில்லை. எண்ணத்தக்க சிறு சொட்டுகளாகவே கொள்ளப்படவும் விடப்படவும் செய்கிறது எனக் கொண்டு கணக்கிட்டார். கணக்கு அளவையோடு முற்றும் பொருந்தியது. குறுகிய அலைக்குப் பெரிய சொட்டு வேண்டும். குறைந்த சூட்டில் அத்துணைப் பெரிய சொட்டை வாங்க அணுவிடம் ஆற்றல் இல்லை. ஆதலால்தான் இளஞ்சூட்டில் நீலம் பிறப்பதில்லை, செம்மையே பிறக்கிறது. குவாண்டம் இயற்பியல் என்னும் பெருங்கட்டடம் இந்த அடிக்கல்லின்மேல் எழுந்தது. நம் கைப்பேசியும் கணிப்பொறியும் அதன் பயன்கள்.

இக்கதையில் இந்தியருக்கும் உயர்ந்த இடம் உண்டு. 1924இல் டாக்கா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சத்தியேந்திரநாத் போஸ், பிளாங்கின் விதியைப் புதியதொரு வழியில் நிறுவி ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டைன் அதனைத் தாமே ஜெர்மன் மொழியில் பெயர்த்து வெளியிடச் செய்தார். போசின் உடன் பயின்றவர் மேகநாத் சாகா. டாக்காவை அடுத்த ஒரு சிற்றூரில் 1893இல் பிறந்தார். தந்தை சிறு மளிகைக் கடைக்காரர். ஊரில் மேற்படிப்பில்லாமல், தொலைவில் ஒரு மருத்துவர் வீட்டில் தங்கி, வீட்டு வேலைகள் செய்துகொண்டே படித்தார். கல்லூரி விடுதியில் சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட துன்பத்தையும் அனுபவித்தார். அந்த மாணவரே 1920இல், மீன்களின் ஒளியிலிருந்து அவற்றின் சூட்டையும் அவற்றிலுள்ள அணுக்களின் நிலையையும் படித்தறியும் சமன்பாட்டை உலகுக்குத் தந்தார். பந்தியில் சேர்த்துக்கொள்ளப்படாதவர், விண்மீன்களின் கனலைப் படித்துக் காட்டினார். 1952இல் மக்களவைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இந்த இடத்தில் நம் வீடுகளைப் பற்றிய ஓர் எச்சரிக்கையைக் கூறாமல் செல்வது கடமை தவறியதாகும். மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் குமுட்டியில் கரியிட்டு, தணல் சிவந்து புகை அடங்கியபின், அதை அறைக்குள் வைத்துக் கதவையும் சன்னலையும் அடைத்துத் தூங்கும் வழக்கம் மலையில் இருக்கிறது. புகையில்லாத் தணல் தீங்கற்றது என்று எண்ணுகிறோம். அஃது உயிரைப் பறிக்கும் எண்ணம். தணலின் நிறம் அதன் சூட்டைச் சொல்லும். அதிலிருந்து எழும் நஞ்சைச் சொல்லாது. காற்றோட்டமில்லாத இடத்தில் கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு பிறக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்தின் செம்பொருள் உயிர்வாயுவைப் பற்றுவதினும் இருநூறு மடங்குக்கு மேலான பற்றுடன் இந்நஞ்சைப் பற்றிக்கொள்கிறது. தலைவலி, குமட்டல், அயர்வு என வந்து, உறக்கத்திலேயே உயிர் போகிறது. சாம்பல் மூடி ஒளி மறைந்த தணலும் இவ்வாயுவை விடும். ஆகவே தாய்மார்களே, கணப்பை வெளியில் வைத்துக் காயுங்கள்; படுக்கும் அறைக்குள் கொண்டு செல்லாதீர்கள். யாரேனும் மயங்கினால், உடனே திறந்த வெளிக்குத் தூக்கிச் சென்று, தாமதமின்றி மருத்துவமனையில் சேர்த்திடுங்கள்.

மற்றும் இரண்டு செய்திகள். கருத்த இரும்பு ஆறிய இரும்பு அன்று. 500 டிகிரியிலும் அது கருமையாகவே கிடக்கும். பட்டறையிலும் தேயிலை ஆலையின் அடுப்படியிலும் வேலை செய்வோர் கண்ணை நம்பாமல், புறங்கையை அருகே காட்டிப் பார்த்த பின்னரே தொட வேண்டும். வெண்கனலை நாள்தோறும் நெடுநேரம் உற்று நோக்குவோருக்கு அகச்சிவப்பால் கண்புரை வருவது கண்ணாடி ஊதும் தொழிலாளரிடையே நெடுங்காலமாக அறியப்பட்ட உண்மை. வெல்டிங் பழகும் நம் இளைஞர்கள் தக்க காப்புக் கண்ணாடியின்றி வேலையில் இறங்கலாகாது. கொடுப்பது முதலாளியின் கடமை. கேட்டுப் பெறுவது நம் உரிமை.

அன்பர்களே! இவ்வுரையின் தொடக்கத்தில் தொழிலாளரைத் தாழ்வாக எண்ணிய செய்தியைக் குறித்தோம். அதன் பொருளை இப்போது காண்போம். நம் நாட்டில் கனலின் நிறத்தைக் கண்ணால் அறிந்தவர்கள் ஆயிரமாயிரம் பேர் இருந்தனர். கொல்லன் அறிந்தான்; குயவன் அறிந்தான்; செங்கற்சூளையில் விறகிட்டவள் அறிந்தாள்; சுடுகாட்டில் இரவெல்லாம் தீயைக் காத்தவனும் அறிந்தான். ஆனால் அவர்களுக்கு எழுத்து மறுக்கப்பட்டது. எழுத்துடையோர் உலைக்கு அருகே வரவில்லை. நிறத்தை அறிந்த கண்ணும், அதை எழுதத் தெரிந்த கையும் ஒரே உடலில் கூட முடியாதபடி சாதி நடுவே நின்றது. இங்கிலாந்தில் குயவர் வீட்டுப் பிள்ளை அதைக் கேட்டு எழுதினான். கொல்லன் வீட்டுப் பிள்ளை ஆய்வுக்கூடம் ஏறினான். இங்கே அத்தகைய பிள்ளைகள் பிறக்காமல் இல்லை; அவர்களுக்குப் பள்ளி திறக்கவில்லை. இழப்பு நமக்கு மட்டுமன்று. நாட்டின் அறிவுக்கே இழப்பு என்பதே நம் கருத்து.

நம் கழகத்தின் இருபத்தைந்து ஆண்டுப் பணி, பிரிக்கப்பட்ட அந்தக் கண்ணையும் கையையும் ஒன்றுசேர்க்கும் பணியே ஆகும். அதனால் அடுத்த ஆண்டுகளுக்கு மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். நம் நூலகத்தில் தமிழ் அறிவியல் நூல்களுக்குத் தனி அலமாரி ஒன்று வேண்டும். மாலை வகுப்பில் வாரம் ஒரு நாளேனும் செய்முறைப் பாடம் நடக்க வேண்டும். மின்கலம், மெல்லிய கம்பி, வெப்பமானி, முப்பட்டைக் கண்ணாடி ஆகிய இவற்றைக் கொண்டே நாம் இன்று பேசியவற்றுள் பாதியைப் பிள்ளைகள் தாமே கண்டறியலாம். மூன்றாவதாக, உலையும் சூளையும் அறிந்த மூத்தோர் இன்னும் நம் பக்கத்து ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களைப் பள்ளிக்கு அழைத்து, ஆசிரியருக்கு இடும் நாற்காலியையே அவர்களுக்கும் இட்டு, பிள்ளைகள் கேட்கச் செய்ய வேண்டும். அவர்கள் சொல்லும் நிறத்தைப் பிள்ளைகள் எழுதட்டும். பிள்ளைகள் சொல்லும் டிகிரியை அவர்கள் கேட்கட்டும்.

வெளியொளி பட்டு மின்னும் நிறமும் உண்டு. உள்ளே சூடேறிப் பிறக்கும் ஒளியும் உண்டு என்று கண்டோம். பிறர் விளக்கைச் சுமந்த காலம் போயிற்று. நம் பிள்ளைகளிடமிருந்து பிறப்பது தம் சொந்த உழைப்பின் சூட்டில் எழுந்த ஒளியாக இருக்கட்டும் என்று வாழ்த்தி அமைகிறோம்.